ஐசோடைப் (மருந்து விளைவில்லாத ஒப்பீட்டு ஆன்டிபாடி) குழுவிலேயே எம்சி38 (எலிப் பெருங்குடல் புற்றுச் செல்வரிசை) கட்டி கரைகிறது. எங்கே தேடுவது?

தைமஸ்_மேசை:
சி57பிஎல்/6 இனப் பெண் எலிகள், 8 வார வயது. வலது விலாவில் தோலுக்கு அடியில் எலிக்கு 5 லட்சம் எம்சி38 செல்கள், 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் உப்புக் கரைசலில். குழுவுக்கு 10 எலிகள். 5-ஆம் நாள் காலிப்பரால் அளந்து குழு பிரித்து, அன்றிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை 200 மைக்ரோகிராம் பிடி-1 ஆன்டிபாடி (டி செல்களின் தடையை நீக்கும் மருந்து; ஆர்எம்பி1-14 குளோன்) வயிற்றறைக்குள் செலுத்துகிறோம். ஐசோடைப் மட்டும் பெற்ற குழுவிலேயே மூன்று எலிகளில் கட்டி மறைந்துவிட்டது. மற்ற ஏழில் 300 முதல் 1,400 கன மில்லிமீட்டர் வரை சிதறிக் கிடக்கிறது. இதற்குள் மருந்தின் விளைவு தெரியவே இல்லை. செல்களை 10 லட்சமாக்கலாமா, அல்லது மேட்ரிஜெல் (செல்களைத் தாங்கும் புரதக் கூழ்) கலக்கலாமா?

செல்தட்டு:
இப்போதைக்கு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் கரைவது குறையும், ஆனால் கட்டி வேகமாக வளர்ந்து மருந்து வேலை செய்யக் கிடைக்கும் நாட்களும் குறைந்துவிடும்.

முதலில் அந்த 5-ஆம் நாள் அளவைச் சந்தேகப்படுங்கள். முதல் சில நாட்களில் கைக்குத் தட்டுப்படும் புடைப்பில் பெரும்பகுதி ஊசியில் போன செல்திரளும் அழற்சியும்தான். அது ஒருமுறை சுருங்கி, பிறகுதான் உண்மையான கட்டி எழும்பும். 50 முதல் 100 கன மில்லிமீட்டரை எட்டி, அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் வளர்ச்சி தெரிந்த எலிகளை மட்டும் குழு பிரியுங்கள் (நீளம் × அகலம் × அகலம் ÷ 2). ஒவ்வொரு கூண்டிலும் எல்லாக் குழுக்களும் கலந்திருக்கட்டும். கூண்டுக்கு ஒரு குழு என்று வைத்தால் குடல் நுண்ணுயிர் வேறுபாடும் மருந்தின் விளைவும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

அடுத்தது செல் தயாரிப்பு. தட்டு 70–80 சதவீதம் நிரம்பியதும் எடுங்கள். முழுக்க நிரம்பவிட்டால் செல்கள் பிரிவது மந்தமாகிவிடும். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்க டிரிப்சின் நொதி இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறகு சீரம் இல்லாத பிபிஎஸ்ஸில் இரண்டு முறை கழுவுங்கள். மாட்டுச் சீரப் புரதம் ஒட்டியிருந்தால் எலியின் நோயெதிர்ப்பு அதையும் எதிரியாகப் பார்க்கும். 40 மைக்ரான் வடிகட்டியில் ஒட்டிய செல்திரள்களை நீக்கி, மில்லிலிட்டருக்கு 50 லட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைபான் புளூ சாயத்தில் (செத்த செல்லில் மட்டும் ஏறும்) உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஊசியே போடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: குழாயில் செல்கள் அடியில் படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்னும் மெதுவாகக் கலக்காவிட்டால் முதல் எலிக்கும் கடைசி எலிக்கும் ஒரே எண்ணிக்கை போகாது. எந்த எலிக்கு எந்த வரிசையில் போட்டீர்கள் என்று குறித்துவைத்து, கட்டி அளவை அந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் மீந்த செல்களையும் எண்ணுங்கள்; பனிக்கட்டியில் இருந்தும் பாதி செத்திருந்தால் சிதறலுக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். மேட்ரிஜெல் கலந்தால் செல்கள் ஓரிடத்தில் நிற்கும், வடிவம் சீராகும். சேர்த்துப் பார்க்கலாம்.

பிளேக்_அசே:
மேட்ரிஜெல் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அது எலிகளில் வளர்த்த இஎச்எஸ் கட்டியிலிருந்து பிரித்தெடுப்பது. அதன் சில லாட்டுகளில் எல்டிவி, அதாவது லாக்டேட் டிஹைட்ரஜனேஸை உயர்த்தும் வைரஸ், கண்டறியப்பட்டிருக்கிறது. சோதித்த சான்று உள்ள லாட்டை மட்டும் வாங்குங்கள்.

இந்த வைரஸைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1960-இல் வெர்னன் ரைலி குழுவினர் இதை விவரித்தபோதே 26 வகை எலிக் கட்டிகளில் இருந்தது. தொற்றிய எலி ஆரோக்கியமாகவே தெரியும், எடையும் குறையாது. ஆனால் வைரஸ் மேக்ரோஃபேஜ்களில் பெருகி ஆயுள் முழுக்க ரத்தத்தில் இருக்கும். தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் உயரும், என்கே செல்கள் (கட்டியைக் கொல்லக்கூடிய நோயெதிர்ப்புச் செல்கள்) தூண்டப்படும், ஆன்டிபாடி உருவாக்கும் பி செல்கள் இலக்கில்லாமல் பெருகும். நோயெதிர்ப்புச் சிகிச்சையைச் சோதிக்கும் எலியில் இதைவிடக் கெடுதலான தொற்று அரிது.

ரத்தத்தில் எல்டிஎச் (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி) அளவு 5 முதல் 10 மடங்கு ஏறும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் எல்டிஎச் ஏறும். பிளாஸ்மாவில் வைரஸின் ஆர்என்ஏவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் செய்வதே சரி. ஒரே ஊசியை அடுத்தடுத்த எலிகளுக்குப் பயன்படுத்துவது இதைப் பரப்பும் முக்கிய வழி; எலிக்கு ஒரு புது ஊசி. மேக்ரோஃபேஜ் இல்லாத தட்டில் இது பெருகாது என்பதால், எலிக்குள் கடத்திய செல்வரிசையைச் சில முறை தட்டில் வளர்த்தாலே பொதுவாக நீங்கிவிடும்.

செல்களை உறையவைக்கும் முன் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவோடு எல்சிஎம்வி, எம்எச்வி ஆகிய எலி வைரஸ்களுக்கும் பிசிஆர் செய்துவிடுங்கள். எல்சிஎம்வி மனிதருக்கும் தொற்றும், கர்ப்பிணிகளின் கருவுக்கு ஆபத்தானது. வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காகவாவது இதைத் தவிர்க்கக் கூடாது.

எலிக்கூடம்:
கரைவது நோயெதிர்ப்பாலா, ஊசி போட்ட விதத்தாலா என்று ஒரே சோதனையில் பிரிக்கலாம். அதே குழாயில் உள்ள செல்களை அதே நாளில் ராக்1 மரபணு நீக்கிய சில எலிகளுக்கும் போடுங்கள். அங்கே டி செல்லும் பி செல்லும் இல்லை. அங்கும் சிதறினால் தவறு உங்கள் மேசையில். சீராக வளர்ந்தால் சாதாரண எலிகளில் செல்களை நோயெதிர்ப்புதான் அழிக்கிறது.

ராக் எலி இல்லையென்றால் சிடி8 செல்களை (பிற செல்களைக் கொல்லும் டி செல்கள்) நீக்குங்கள்: 2.43 குளோன் ஆன்டிபாடி, 200 மைக்ரோகிராம், செல் செலுத்துவதற்கு முந்தைய நாள் தொடங்கி 3–4 நாளுக்கு ஒருமுறை. நீங்கியதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்கும்போது, 2.43 ஒட்டும் அதே சிடி8 ஆல்ஃபா புரதத்தை மீண்டும் சாயமிடாதீர்கள். நீக்கும் ஆன்டிபாடி அந்த இடத்தை மறைத்திருந்தால் செல் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். சிடி8 பீட்டாவுக்கான 53-5.8 குளோனைப் பயன்படுத்துங்கள். சிடி8 ஆல்ஃபா ஒருவகை டென்ட்ரிடிக் செல்லிலும் உண்டு, அதுவும் குறையும் என்பதை முடிவு எழுதும்போது மறக்க வேண்டாம்.

தைமஸ்_மேசை:
நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: இது லூசிஃபெரேஸும் ஜிஎஃப்பியும் (ஒளிரவைத்துக் கட்டியைக் காட்டும் புரதங்கள்) ஏற்றிய எம்சி38.

எலிக்கூடம்:
அப்படியானால் தேடலை அங்கிருந்தே தொடங்குங்கள். இரண்டுமே எலிக்கு அந்நியப் புரதங்கள். அவற்றின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் எம்எச்சி-1 புரதம் காட்டும்போது சிடி8 செல்கள் கட்டியைத் தாக்கும். பிடி-1 மருந்து அந்தத் தாக்குதலையும் வலுவாக்கும் என்பதால், மருந்துக் குழுவில் வரும் நல்ல முடிவுகூட புற்றுநோய் ஆன்டிஜெனுக்கு எதிரானதாக இல்லாமல் போகலாம். ஏற்றாத மூலச் செல்வரிசையை அதே எண்ணிக்கையில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தோலடிக் கட்டியை அளக்கக் காலிப்பரே போதும். லூசிஃபெரேஸ் வரிசையை, வெளியிலிருந்து அளக்க முடியாத உள்ளுறுப்புக் கட்டிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் இந்த இரண்டு புரதங்களையும் ஏற்கெனவே பொறுத்துக்கொள்ளும் எலிகள் கிடைத்தால் அவற்றையே எடுங்கள்.