பழைய காரின் பெட்ரோல் டேங்க், பைப், போல்ட்டு: துருவோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

தூத்துக்குடியிலிருந்து

எங்கள் வீட்டு மாருதி 800, 1996 மாடல், கார்பரேட்டர் வண்டி. உப்பளம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் ஊரில் கொட்டகைத் தகரமே நாலைந்து வருஷத்தில் சல்லடையாகிவிடும், காருக்குக் கேட்கவா வேண்டும். போன மாசியிலிருந்து பின் சீட்டில் பெட்ரோல் வாடை வருகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, அடியில் படுத்துப் பார்த்தேன்.

டேங்கிலிருந்து முன்னால் போகும் இரும்பு பைப் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்றை நெம்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கிளிப்புக்குள் இருக்கும் ரப்பருக்கு அடியில் மட்டும் பைப் செதில் செதிலாக உப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அப்பளம்போல உதிர்கிறது, உள்ளே ஈரம் கசிகிறது. திறந்து கிடந்த இடமெல்லாம் பிழைத்திருக்க, மூடி வைத்த இடம்தான் போயிருக்கிறது. ரப்பருக்குள் புகுந்த மழைத் தண்ணீர் காய வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது.

டேங்கை இறக்க மூன்று நாள் ஆனது. காலையும் மாலையும் போல்ட்டுகளுக்கு எண்ணெய் அடித்து, முதலில் கொஞ்சம் இறுக்கி, அப்புறம் கொஞ்சம் கழற்றி என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அப்படியும் ஒன்று தலை முறிந்துவிட்டது. கழன்று வந்த போல்ட்டு, வாஷர், பிராக்கெட், ஓஸ் கிளிப் எல்லாவற்றையும் பழைய ஊறுகாய் ஜாடியில் போட்டு வினிகர் ஊற்றினேன். இரண்டு தப்பு செய்தேன். ஓஸ் கிளிப்பில் துத்தநாகப் பூச்சு நன்றாகவே இருந்தது; அதையும் சேர்த்துப் போட்டதில் நுரைத்துத் தள்ளி, காலையில் பூச்சே இல்லை. அடுத்தது, எல்லாவற்றையும் கழுவி வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அத்தனையும் செம்மஞ்சள். இரண்டாம் முறை ஆப்ப சோடாத் தண்ணீரில் முக்கி, வெந்நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவினேன். பிறகு வரவில்லை.

இனி இவற்றுக்கு மேலே என்ன பூசுவது? பெயிண்டா, பிளேட்டிங்கா?

கோவையிலிருந்து

பிளேட்டிங்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். என் அம்பாசடரின் சின்னச் சாமான்கள் முழுவதையும் துத்தநாக முலாமுக்குக் கொடுத்தேன். வெள்ளையும் கிடைக்கும், மஞ்சளும் கிடைக்கும். எங்கள் ஊரில் எல்லோ பாசிவேஷன் என்று கேட்டால் போதும். பத்து போல்ட்டை மட்டும் யாரும் முலாம் தொட்டியில் இறக்க மாட்டார்கள், கிலோ கணக்குதான். நண்பர்களுடைய சாமான்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் செம்புக் கம்பியில் கோர்த்து, போட்டோ எடுத்துவிட்டு அனுப்புங்கள். நான் எண்ணாமல் கொடுத்து, திரும்பி வரும்போது இரண்டு பித்தளை நட்டு குறைந்தது.

அதைவிடப் பெரிய கூத்து ஸ்பிரிங். கார்பரேட்டர் த்ராட்டிலை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் அந்த மூட்டையில் போயிருந்தது. தங்கம்போல மின்னிக்கொண்டு வந்தது. மாட்டிய மூன்றாம் நாள், அவினாசி ரோட்டில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் இரைச்சல் குறையவில்லை. சாவியைத் திருப்பி ஓரம் கட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் கொக்கியோடு துண்டாகிக் கிடக்கிறது. அமிலத்தில் ஊறும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, கடினப்படுத்திய எஃகை மொறுமொறுப்பாக்கிவிடும். முலாம் முடிந்த கையோடு 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடேற்றினால் அது வெளியேறும். தலையில் 8.8 என்று வலிமை எண் போட்டிருக்கும் போல்ட்டுக்குப் பொதுவாக இந்தப் பயம் இல்லை. 10.9, அதற்கு மேல், ஸ்பிரிங் இதெல்லாம் இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் இப்போது ஸ்பிரிங்கை முலாமுக்கே அனுப்புவதில்லை, புதிதாக வாங்கிவிடுகிறேன்.

பைப்பை இணைக்கும் பித்தளை யூனியனுக்கு அமிலம் எதற்கு? பாட்டி குத்துவிளக்கு தேய்த்த புளி போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்களுடையது மொறிஸ் மைனர், அப்பப்பா காலத்துக் கார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் போவது. ரோட்டெல்லாம் புகை. அந்த நாட்களில் கான், போத்தல் என்று கை மாறி மாறி வந்த எண்ணெயில் தண்ணீர் எவ்வளவு, குப்பை எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்.

மைனரின் தாங்கி பூட் தரைக்குக் கீழே தட்டையாகக் கிடக்கும். சுற்றிவர உள்ள ஆணிகளைக் கழற்றினால் இறங்கும். தாங்கிக்கும் தரைக்கும் இடையில் இருக்கும் பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்களுக்கும் அதன் அடியில்தான் கறள், உங்கள் பேச்சில் துரு. தூத்துக்குடிக்காரர் சொன்ன அதே கதை.

அதோடு இன்னொரு வில்லங்கம். இடையில் யாரோ மில்லிமீற்றர் ஆணிகளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். மைனருக்கு அங்குலக் கணக்கு. கால் அங்குல ஆணி என்றால் அங்குலத்துக்கு 28 மரை. 6 மில்லிமீற்றர் ஆணி முதலில் உள்ளே போவதுபோலத்தான் இருக்கும், பிறகு மரையைத் தின்றுவிடும். மரை வெட்டும் ராப் போட்டு மரையைத் திருத்தவே இரண்டு நாள் போனது. பிராக்கெட்டுகளுக்குக் கடுக்காய் அவித்த தண்ணீரைப் பூசினேன். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பு கறளோடு சேர்ந்து கன்னங்கரேலென்று ஆகும், பழைய மைக்கூட்டு மை அப்படித்தானே. அது மட்டும் காணாது, மேலே பெயின்ற் வேண்டும்.

சென்னையிலிருந்து

டேங்க் உள்பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓட்டை அடைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்து பொறிக்காகக் காத்திருக்கும். நான் பார்த்த ஒரு பட்டறையில், வெயிலில் ஒரு வாரம் காய்ந்த டேங்க்தானே என்று பற்றவைப்பைக் காட்டினார்கள். பட்டாசுபோல ஒரு சத்தம். சதுர டேங்க் பூசணிக்காய் மாதிரி உப்பி, ஓரத் தையல் பிரிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை, அது அவர்கள் வீட்டுப் புண்ணியம். ரேடியேட்டர் கடைப் பெரியவர் ஒருவர் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே தெரிய முழுக்கத் தண்ணீர் நிரப்பித்தான் கிட்டவே போவார்.

துருவுக்கு நான் செய்தது மின்சார முறை. நன்றாக அலசிய டேங்கில் தண்ணீர், சலவைச் சோடா, நடுவில் டேங்கைத் தொடாமல் ஒரு கட்டடக் கம்பி. பேட்டரி சார்ஜரின் மைனஸ் டேங்குக்கு, பிளஸ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்கையே தின்றுவிடும். எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதிலிருந்து விஷமான குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வரும், ஆகவே மொட்டை மாடியில் வையுங்கள்.

உள்ளே பூசும் சீலர் எனக்குக் கைகொடுக்கவில்லை. எட்டு மாதத்தில் தோல் தோலாக உரிந்து ஃபில்டரை அடைத்தது. பூசும்போது டேங்க் சரியாகக் காயவில்லையா, எத்தனால் செய்த வேலையா, சொல்ல முடியாது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் போய்த் தங்கும். ஓடாமல் நிற்கும் வண்டிக்குத்தான் தொல்லை. பழைய ரப்பர் ஓஸையும் அது ஊற வைத்துவிடும். மாற்றும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று எரிபொருள் ஓஸுக்கான தரக் குறி அச்சடித்த ஓஸைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபடியும் தூத்துக்குடியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. போல்ட்டும் பிராக்கெட்டும் மஞ்சள் முலாம் போட்டு வந்தன, எண்ணி வாங்கினேன். புது பைப்புக்கு எபாக்சி ப்ரைமர், மேலே கறுப்பு பெயிண்ட். கிளிப் ரப்பரின் அடிப்பக்கத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டேன், தண்ணீர் இறங்கட்டும் என்று. ஐப்பசி மழை முடிந்து ஒரு கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன், பெயிண்ட் அப்படியே இருக்கிறது. டேங்க் போல்ட்டு ஒன்றின் தலையில் மட்டும், ஸ்பேனர் வழுக்கி முலாம் பெயர்ந்த இடத்தில் மிளகளவு சிவப்பு. தேய்த்துவிட்டுப் பெயிண்ட் தொட்டு வைத்தேன்.

அம்மா இன்னும் வாடை வருகிறது என்கிறார். நேற்று பார்த்தேன், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாயில் நீளமாக ஒரு வெடிப்பு. டேங்க் கீழே இறங்கிக் கிடந்தபோது அதைக் கையில் பிடித்துத் துடைத்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்ப மாட்டியவன் நான்தான்.