சிவபுராணத்தில் அறுக்கச் சொல்லும் ‘பாசம்’ எது?

கொள்ளிடக்கரை:
போன மாதம் அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் ஓதுவார் திருவாசகத்தின் சிவபுராணம் பாடினார். “பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே” என்ற இடம் வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அம்மா தினமும் விளக்கேற்றிச் சொன்ன பாட்டுதான். எனக்கு அம்மாமேல் இருப்பதும் பாசம்தானே? அதை அறுக்கச் சொல்லியா இத்தனை வருடம் வேண்டிக்கொண்டார்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்வமரம்:
மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பாசம் வடசொல், கயிறு, சுருக்கு என்று பொருள். எமன் வீசுவதும், அபிராமி அங்குசத்தோடு ஏந்தியிருப்பதும் அதுதான். ரிக் வேதத்தில் பலிக்கம்பத்தில் கட்டுண்ட சுனச்சேபன், மேலேயும் நடுவிலும் கீழேயும் உள்ள பாசங்களைத் தளர்த்தும்படி வருணனிடம் மன்றாடுகிறான். சைவத்தில் பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டும் தளை. திருமந்திரத்திலேயே இந்த மூன்றும் வந்துவிடுகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் முறையாக நிறுவியது. தளை எது என்றால் ஆணவம் என்னும் அறியாமை இருள், கன்மம் என்னும் வினை, உலகமாக விரியும் மாயை. அதிலும் ஆணவம் செம்பில் களிம்பு மாதிரி, உயிரோடு தொடக்கமில்லாக் காலந்தொட்டே ஒட்டியிருப்பது. அம்மா போகச் சொல்லி வேண்டியது அந்தக் களிம்பை. உங்களை அல்ல. அப்புறம், ‘பாரிக்கும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காக்கின்ற என்று பொருள்; ‘ஆரியன்’ இங்கே குரு. அறுத்துவிட்டுப் போகிறவன் இல்லை, அறுத்துக் காப்பவன்.

களத்துமேடு:
நான் மாடு கட்டி வளர்ந்தவன். பசு என்றால் நமக்குக் கறவை மாடு, வடமொழியில் ஆடு, மாடு, குதிரை எல்லாமே பசு. மாட்டுக்கு நம் பழைய சொல் ‘ஆ’. கயிற்றுக்குப் பேரான பாசம் நம் பேச்சில் அன்பாகிவிட்டது. பந்தமும் அப்படித்தான், கட்டு என்பதுதான் அதன் பொருள். நாம் சொந்தபந்தம் என்கிறோம். இதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் அப்பா மாட்டை விற்றால் கயிற்றைத் தரமாட்டார், வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு தொழுவத்திலேயே தொங்கும்.

கொள்ளிடக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. களிம்பு என்றதும் அம்மா புளி போட்டுத் தேய்க்கும் செப்புக்குடம் ஞாபகம் வந்தது. அதைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். நாளை மாலை விளக்கேற்றி, இந்த வரியையும் சேர்த்து, நானே படிக்கப் போகிறேன்.