ஜீப்ரா ஃபின்ச்: ஃபான் பெண், கிரே ஆண்; 11 குஞ்சும் கிரே. எங்கே தவறு?

மாடிக்கூண்டு (சிவகாசி):

எல்லோருக்கும் வணக்கம். ஜீப்ரா ஃபின்ச் என்ற கூண்டுக் குருவி வளர்க்க ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. தை மாதத்தில் ஒரு ஃபான் பெண் வாங்கினேன். பால் தூக்கலாக விட்ட காபியின் நிறம். காலை வெயில் முதுகில் விழும்போது பார்த்துக்கொண்டே நிற்கலாம். என்னிடம் இருந்த திடமான கிரே (சாம்பல் நிற) ஆணோடு தனிக் கூண்டில் ஜோடி சேர்த்தேன்.

மூன்று ஈடு, அதாவது மூன்று தடவை முட்டையிட்டுப் பொரித்து, முடிந்துவிட்டது: 4, 4, 3 குஞ்சு. ஒவ்வொரு முறையும் பத்தாம் நாள் கூட்டுப் பானைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இறக்கையில் முள் போல இறகுக் குருத்து முளைத்து நுனி பிரியும்போது ஒன்றாவது பழுப்பாக இருக்காதா என்று. 11-ம் சாம்பல்தான்.

விற்ற கடைக்காரர், "ஃபான் வீக்கான கலர், குஞ்சுக்கு இறங்காது, அண்ணன் தங்கையை ஜோடி போடு, வரும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த நிறம் என் கூண்டில் பிறக்க வழி இருக்கிறதா?

தினைக்கதிர் (காரைக்குடி):

தம்பி, ஃபான் எங்கும் போகவில்லை. உங்கள் 11 குஞ்சில் எவையெல்லாம் ஆணோ அத்தனையிலும் ஒளிந்திருக்கிறது.

19 வருடமாக இந்தக் குருவிகளோடு இருக்கிறேன். யார் கேட்டாலும் சட்டைப் பையை வைத்துத்தான் விளக்குவேன். ஃபான் நிறத்துக்கான ஜீன் இசட் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றுதான். அதாவது ஆணுக்கு இரண்டு பை, பெண்ணுக்கு ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு. ஆணின் ஒரு பையில் கிரே சீட்டும் மறு பையில் ஃபான் சீட்டும் இருந்தால் கிரே முந்திக்கொள்ளும். பார்வைக்கு அசல் கிரே. இதைத்தான் ஸ்பிளிட் என்கிறோம். பெண்ணுக்கு ஒரே சீட்டு என்பதால் மறைத்து வைக்க இடமில்லை. ஃபான் சீட்டு இருந்தால் உடம்பும் ஃபான்தான். யாராவது "ஃபான் ஸ்பிளிட் பெண்" என்று விலை சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். அப்படி ஒரு பறவையே கிடையாது.

மகனுக்கு அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு, அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு. மகளுக்கு அப்பாவின் சீட்டு மட்டும். உங்கள் ஜோடியில் அப்பா கிரே. அதனால் மகள்கள் எல்லாம் வெறும் கிரே, அவற்றிடம் ஃபான் துளியும் இல்லை. மகன்கள் எல்லாம் ஸ்பிளிட்.

இப்போது கடைக்காரர் சொன்ன அண்ணன் தங்கை ஜோடிக்கு வருவோம். அதில் ஃபான் வரும், பொய்யில்லை. ஆனால் அது அண்ணன் பையிலிருந்து மட்டும் வருவது. தங்கை கொடுப்பது ஒன்றுமில்லை. அந்தத் தங்கை இருக்கும் இடத்தில் ரத்த சம்பந்தமே இல்லாத ஒரு கிரே பெண்ணை வைத்தாலும் இதே பலன்தான்: மகள்களில் சராசரியாகப் பாதி ஃபான். பிறகு எதற்கு ஒரே வீட்டுக்குள் சேர்த்து, குஞ்சு சிறுத்து, முட்டை வெறும் முட்டையாகப் போக வேண்டும்? உங்கள் மனசு சொன்னதுதான் சரி. தாயோடு மகனைச் சேர்ப்பதும் வேண்டாம்.

வெளியிலிருந்து ஒரு ஃபான் பெண் கிடைத்தால் ஒரு மகனோடு ஜோடி போடுங்கள். ஆண், பெண் இரண்டிலும் பாதி ஃபான் எதிர்பார்க்கலாம். அதில் ஒரு ஃபான் ஆண் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் சந்தோஷம் கிடையாது. அதை வேறு வீட்டு கிரே பெண்ணோடு சேர்த்தால் மகள் எல்லாம் ஃபான், மகன் எல்லாம் கிரே. கன்னத்து ஆரஞ்சுப் பொட்டுக்கும் நெஞ்சு வரிக்கும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். பானைக்குள் முள் பிரியும் அன்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். முதல் தடவை எனக்கு அப்படி ஐந்துக்கு ஐந்தும் சரியாக வந்தபோது வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னொன்று. மூன்று ஈடு எடுத்துவிட்டீர்கள். இன்றே பானையைக் கழற்றுங்கள், தேங்காய் நாரையும் எடுத்துவிடுங்கள். நான் ஒரு பெண்ணை ஆசைப்பட்டு நான்காவது ஈட்டுக்கு விட்டேன். மார்கழிக் குளிர். காலையில் பார்த்தால் பஞ்சுருண்டை போல உப்பிக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது, முட்டை அடைத்துக்கொண்டு. உள்ளங்கையில் வைத்துச் சூடு கொடுத்தும் பிழைக்கவில்லை. அதன் கூண்டில் சுண்ணாம்புச் சத்துக்கு வைக்கும் கணவாய் ஓடு தீர்ந்து இரண்டு வாரமாகியிருந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு மூன்று ஈட்டுக்கு மேல் யாருக்கும் கிடையாது.

மாடிக்கூண்டு:

அண்ணா, மிக்க நன்றி. இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன், புரிந்துவிட்டது. பானையைக் கழற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்: என் கிரே ஆணே ஸ்பிளிட்டாக இருக்குமோ?

தினைக்கதிர்:

இருந்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஃபானாகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 11-ம் தவறி கிரேயாக வருவதற்கு 2048-ல் ஒரு வாய்ப்புதான். அவன் சுத்த கிரே, சந்தேகமே வேண்டாம். 11 குஞ்சையும் நீங்கள் எண்ணி எழுதி வைத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. எழுதுவதை விடாதீர்கள்.

நூல்கண்டு (திருப்பூர்):

சிவகாசித் தம்பி ஜோடியைத் தனிக் கூண்டில் வைத்தது ரொம்பச் சரி, அதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய கூண்டில் ஆறு ஜோடியை ஒன்றாக விட்டிருந்தேன். ஜோடியாக ஒட்டி உட்காரும், ஆனால் பெண் பக்கத்து ஆணோடும் சேரும், அடுத்த பானையில் போய் முட்டையும் இடும். எந்தக் குஞ்சு யாருடையது என்றே தெரியாமல் ஒரு வருடக் கணக்கு வீணாகிவிட்டது. ஜோடி மாற்றும்போதும் கவனம் வேண்டும். முன்பு சேர்ந்த ஆணின் விந்து பெண்ணின் உடம்பில் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கும். நான் பெண்ணை மூன்று வாரம் தனியாக வைத்த பிறகுதான் புது ஆணிடம் விடுவேன்.

சிவகாசித் தம்பி, அடுத்து உங்களுக்குக் கொண்டை ஃபின்ச் மேல் ஆசை வரும். எல்லோருக்கும் வரும், உச்சந்தலையில் குட்டிச் சாமந்தி வைத்த மாதிரி அவ்வளவு அழகு. ஆனால் கொண்டையோடு கொண்டையைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் குஞ்சு பிழைக்காது. கணக்குப்படி நாலில் ஒன்று போய்விடும். இது தெரியாமல் நான் அப்படி ஒரு ஜோடி வைத்திருந்தேன். ஈட்டுக்கு ஒன்றாவது பொரியாமல் நிற்கும். ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன், முழுதாக உருவான குஞ்சு. அன்றைக்கே ஜோடியைப் பிரித்தேன். கொண்டைக்கு எப்போதும் கொண்டையில்லாத துணைதான். அப்போதும் பாதிக் குஞ்சுக்குக் கொண்டை வரும், ஒன்றும் குறைந்துவிடாது.

அண்ணா, எனக்கும் ஒரு கேள்வி. வெள்ளை ஆண் என்று வாங்கி கிரே பெண்ணோடு போட்டேன். இரண்டு குஞ்சு வெள்ளையாக வந்தது, இரண்டுமே பெண். வெள்ளையும் ஃபான் மாதிரிதானா?

தினைக்கதிர்:

இல்லையம்மா. அசல் வெள்ளை நான் சொன்ன இசட் பையைச் சேர்ந்தது இல்லை. அதற்கு அம்மா அப்பா இருவரும் சீட்டுக் கொடுக்க வேண்டும், ஆண் பெண் பேதம் கிடையாது. உங்களிடம் இருப்பது சி.எஃப்.டபிள்யூ (செஸ்ட்நட் ஃபிளாங்க்டு ஒயிட், அதாவது விலா செம்பழுப்பான வெள்ளை). அதுதான் ஃபான் போலவே இசட்டில் வருவது. அந்த ஆணை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கன்னத்தில் வெளிறிய ஆரஞ்சு, விலாவில் செம்பழுப்பு, கண்ணுக்குக் கீழே கண்ணீர்க் கோடு எல்லாம் இருக்கும். அசல் வெள்ளையில் இது எதுவும் இருக்காது.

நூல்கண்டு:

இப்போதுதான் பிடித்துப் பார்த்தேன். கண்ணீர்க் கோடு இருக்கிறது அண்ணா. இரண்டு வருடமாக வெள்ளை என்றே எழுதி வந்திருக்கிறேன், நோட்டில் திருத்துகிறேன்.

மாடிக்கூண்டு:

என் 11-ல் ஆறு ஆண். ஆறுக்கும் இடது காலில் நீல ரிங் போட்டாயிற்று. மூத்தவனுக்கு நாலு மாதம். மதுரையில் ஒரு நண்பரிடம் ஃபான் பெண் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். உடனே சேர்க்கலாமா அண்ணா?

தினைக்கதிர்:

பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், ஜோடி மட்டும் இப்போது வேண்டாம். புதுப் பறவை ஒரு மாதம் தனியாக இருக்கட்டும். பையனுக்கும் ஆறு மாதம் முடியட்டும். அதுவரை இருவருக்கும் முளைகட்டிய தினையும், வாரம் இரண்டு நாள் அவித்த முட்டையும் கொடுங்கள். ஆறில் எது காலை எழுந்ததும் முதலில் பாடுகிறதோ, எதன் இறகு படிந்து கிடக்கிறதோ அதை எடுங்கள். பத்தாம் நாள் டார்ச் அடிக்கும்போது இங்கே வந்து எழுதுங்கள்.