ரிப்பீட் 4 மணி நேரம், மெசேஜ் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று: அலெர்ட்மேனேஜரில் என்ன தப்பு?

கேள்வி (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆபீஸ் திருப்பூரில், தையல் யூனிட் அவிநாசியில், சாயப்பட்டறை பெருந்துறையில். எல்லாவற்றையும் புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர் கவனிக்கிறது, அதன் எச்சரிக்கைகள் (அலெர்ட்) அலெர்ட்மேனேஜர் என்ற துணை புரோகிராம் வழியாக டெலிகிராம் குரூப்புக்கு மெசேஜாகப் போகும். டிஸ்க் 90 சதவீதம் தாண்டினால் எவ்வளவு என்று மெசேஜிலேயே தெரியட்டும் என்று அலெர்ட் ரூலில் லேபிள்ஸ் (அலெர்ட்டோடு ஒட்டும் பெயர்-மதிப்புக் குறிப்புகள்) பகுதியில் ஒரு வரி சேர்த்து டாலர் வேல்யூவை ($value, அதாவது அந்நேரத்து அளவை) கொடுத்தேன். அன்றிலிருந்து பிடித்தது தலைவலி. ரிப்பீட் இன்டர்வல் (அதே அலெர்ட்டை மறுபடி அனுப்பும் இடைவெளி) 4 மணி நேரம்தான், ஆனால் 91.2 ஃபயரிங் (எழும்பியது), 91.2 ரிசால்வ்டு (தீர்ந்தது), 91.3 ஃபயரிங் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு மெசேஜ், சாமத்தில்கூட நிற்பதில்லை, சூப்பர்வைசர்கள் எல்லாரும் குரூப்பை மியூட் போட்டுவிட்டார்கள்.

சரி என்று ரூலில் 'ஃபார்' (நிலைமை எவ்வளவு நேரம் நீடித்தால் அலெர்ட் எழும்ப வேண்டும் என்பது) 10 நிமிடம் வைத்தேன். மெசேஜ் அடியோடு நின்றது, நானும் நிம்மதியாக இருந்தேன். போன சனிக்கிழமை ராத்திரி பெருந்துறை டிஸ்க் நிரம்பி, லாட் என்ட்ரி எதுவும் ஏறாமல், ஷிஃப்ட்காரர்கள் விடிய விடிய நோட்டில் எழுதி வைத்தார்கள். சாயக்கறை பட்ட அந்த நோட்டைக் காலையில் கையில் வாங்கியபோது ரொம்ப வெசனமாகிவிட்டது. புரோமிதியஸ் பக்கத்தில் பார்த்தால் அந்த அலெர்ட் எப்போதும் பெண்டிங்கிலேயே (அந்த நேரம் முடியக் காத்திருக்கும் நிலை) நிற்கிறது. ஏனுங்க இப்படி?

இன்னொன்று, ஒரு யூனிட்டில் கரண்ட் போனால் அங்குள்ள எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மெசேஜ் வந்து கொட்டுகிறது.

பதில் (கோவை)

அந்த லேபிள்தாங்க காரணம். ஓர் அலெர்ட் எது என்று புரோமிதியஸ் அடையாளம் காண்பதே லேபிள்களை வைத்துத்தான். எண்ணை அதில் போட்டால் 91.2 ஓர் அலெர்ட், 91.3 வேறோர் அலெர்ட். பழையது ரிசால்வ் ஆகிப் புதிதாக ஒன்று பிறக்கிறது. அலெர்ட்மேனேஜர் அலெர்ட்களைச் சேர்த்துக் குரூப்பாக அனுப்பும் (டெலிகிராம் குரூப் அல்ல). அந்தக் குரூப்பில் புதிதாக அலெர்ட் சேர்ந்தால் அது ரிப்பீட் இன்டர்வலைப் பார்க்காது, குரூப் இன்டர்வல் என்ற வேறோர் இடைவெளியில் அனுப்பிவிடும், அதன் டீஃபால்ட் 5 நிமிடம். 'ஃபார்' வைத்ததும் வராமல் போனதற்கும் இதேதான்: எண் மாறும்போதெல்லாம் 10 நிமிடக் கணக்கு முதலிலிருந்து ஓடுகிறது, ஒருநாளும் முடியாது.

எண்ணை ரூலின் அனோடேஷன்ஸ் (மெசேஜில் வரும் விளக்கக் குறிப்புகள், அடையாளத்தில் சேராது) பகுதிக்கு மாற்றுங்கள், அது எத்தனை முறை மாறினாலும் அலெர்ட் அதேதான். அப்புறம், 90 சதவீதம் என்பதைவிட பிரெடிக்ட் லீனியர் என்ற புரோமிதியஸ் கணிப்பு ஃபங்ஷனை வைத்து, கடைசி 6 மணி நேரம் ஏறிய வேகத்தில் போனால் இன்னும் 4 மணி நேரத்தில் நிரம்புமா என்று கேட்பது எனக்கு நன்றாக உதவுகிறது. பெரிய டிஸ்க் 91-இல் மாதக்கணக்கில் சும்மா நிற்கும், அதற்கு யாரையும் எழுப்பத் தேவையில்லை.

பதில் (ஈரோடு)

கரண்ட் விஷயத்துக்கு அலெர்ட்மேனேஜரில் இன்ஹிபிட் ரூல் (ஓர் அலெர்ட் எழும்பியிருக்கும்போது மற்றதை அடக்கும் விதி) எழுதுங்கள். புரோமிதியஸ் கவனிக்கும் எல்லாவற்றிலும் 'சைட்' (எந்த யூனிட்) என்று ஒரு லேபிள் வையுங்கள். அந்த யூனிட் ரவுட்டர் டவுன் என்பது சோர்ஸ் (அடக்கும் அலெர்ட்), மற்றவை டார்கெட் (அடங்கும் அலெர்ட்), ஈக்வல் (இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டிய லேபிள்) என்ற இடத்தில் சைட். ரவுட்டர் விழுந்தால் அந்த ஒரு மெசேஜ் மட்டும் வரும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ரவுட்டர் ரூலின் 'ஃபார்' மற்றதைவிடக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் அது எழும்புவதற்குள் மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். சைட் லேபிளை இரு பக்கமும் மறந்துவிட்டால் இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும், பெருந்துறை ரவுட்டர் விழுந்ததற்கு அவிநாசி அலெர்ட்டும் அடங்கிப்போகும், அது ஆபத்து.

கேள்வி கேட்டவர்

எண்ணை அனோடேஷனுக்கு மாற்றி, டெஸ்டுக்காகப் பெரிய ஃபைல் ஒன்றை அவிநாசி சர்வரில் போட்டுப் பார்த்தேன். சரியாகப் பத்தாம் நிமிடம் பெண்டிங் ஃபயரிங் ஆனது, கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு மெசேஜ். ரொம்ப நன்றிங்க அண்ணா. இன்ஹிபிட் ரூலை இன்று பொழுதோட எழுதிவிடுகிறேன்.

பதில் (பல்லடம்)

புரோமிதியஸ் ஓடும் மெஷின் எங்கே இருக்கிறது? திருப்பூர் ஆபீஸிலேயே என்றால் அங்கே கரண்ட் போன அன்று எந்த மெசேஜும் வராது, எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். வெக்டர் ஒன்று (vector(1), எப்போதும் 1 தருவது) என்று எப்போதும் ஃபயரிங்கிலேயே இருக்கும் ஒரு ரூல் எழுதி, அதற்கு மட்டும் ரிப்பீட் இன்டர்வலை 4 மணி நேரத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைத்து, வெளியே ஒரு சின்ன கிளவுட் மெஷினுக்கு வெப்ஹுக்கில் (தானாக ஒரு வலை முகவரிக்குப் போகும் மெசேஜ்) அனுப்புங்கள். அது 15 நிமிடம் வராமல் போனால் அந்த மெஷின் உங்கள் போனுக்கு அடிக்கட்டும். இன்ஹிபிட் எழுதும்போது இந்த ஒன்றை டார்கெட்டில் சேர்த்துவிடாதீர்கள்.