இள வயதிலேயே சொட்டை விழுந்தவங்க, மருந்து போட்ட அனுபவம் சொல்லுங்க

திருச்சி, வயது 26
காலேஜ் படிக்கும்போதே நெத்தி ரெண்டு பக்கமும் ஏற ஆரம்பிச்சிடுச்சு. அப்பா, சித்தப்பா ரெண்டு பேர் தலையும் இதே மாதிரிதான். கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு எல்லாம் ஆச்சு. கடைசியா தோல் டாக்டர் லென்ஸ் வச்சுப் பார்த்தார். தடிமனான முடிக்கு நடுவுல பூனை முடி மாதிரி மெலிசா நிக்கிறதைத் திரையில காட்டி, "வேர் இன்னும் சாகலை, சுருங்கிட்டு வருது. டிஎச்டிங்கிற ஆண் ஹார்மோன் பண்ற வேலை" என்றார்.

அவர் கொடுத்தது மினாக்ஸிடில்ங்கிற தலையில தடவுற தைலம், 5 சதவீதம், காலையும் ராத்திரியும் ஒவ்வொரு மில்லி. முடியில தடவிப் பிரயோஜனமில்லை, வகிடு பிரிச்சுத் தோல்ல படணும். முதல் சில வாரம் முன்னைவிட அதிகமாக் கொட்டும். தலையணை உறையைப் பார்த்தா வயிறு கலங்கும். பெரும்பாலானவங்க நிறுத்துறது இங்கதான். பழைய முடி விழுந்தாத்தான் அந்த வேர்ல புதுசு கிளம்பும். நாலு மாசத்துக்குக் கண்ணாடிகிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்க. எனக்கு உச்சி மூடிக்கிச்சு, நெத்தி ஓரம் அப்படியேதான் இருக்கு.

கோவை, வயது 31
தம்பி, மினாக்ஸிடில் டிஎச்டியைத் தொடாது. அதைக் குறைக்கிறது ஃபினாஸ்டெரைடுங்கிற மாத்திரை. முதல்ல 5 மில்லிகிராம்ல, ஆண்களுக்கு இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு வந்த மருந்து. 1997-ல அமெரிக்காவுல 1 மில்லிகிராம் மாத்திரையை ஆண்கள் வழுக்கைக்கு அனுமதிச்சாங்க. சிலருக்கு தாம்பத்திய ஆசை குறையும், மனசு சோர்ந்து போகும். வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடணும். எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா மனைவி மாசமா இருந்தப்போ டப்பாவை அவ கைக்கு எட்டாம வச்சேன். உடைஞ்ச மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொட்டா, ஆண் குழந்தையோட உறுப்பு வளர்ச்சி பாதிக்கலாம். மாத்திரையோ தைலமோ, நிறுத்தினா சில மாசத்துல பலன் போயிடும்.

சென்னை, வயது 34
பின்னந்தலை முடியை எடுத்து வழுக்கையில நடுற சிகிச்சைக்குப் போறவங்களுக்கு. எனக்கு 22 வயசுல ஒரு கிளினிக்ல, டாக்டரே இல்லாத ஒருத்தர் ஸ்கெட்ச் பேனாவால நெத்தியில கோடு போட்டு, மாசத் தவணை வரைக்கும் பேசி முடிச்சார். எழுந்து வந்துட்டேன். அந்த வயசுல முன்னாடி நட்டா, பின்னாடி இருக்கிற சொந்த முடி கொட்டிட்டே போகும், நட்டது மட்டும் தீவு மாதிரி நிக்கும். பின்னந்தலையில எடுக்கிற முடிக்கும் அளவு உண்டு, எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. 2016-ல சென்னையில ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இறந்தது பேப்பர்லயே வந்துச்சு. மரத்துப்போற ஊசி யார் போடுறாங்க, கடைசி வரைக்கும் டாக்டர் கூடவே இருப்பாரா, இதை முதல்ல கேளுங்க. நான் மருந்துல சில வருஷம் ஓட்டி, கொட்டுறது நின்ன பிறகுதான் நட்டேன்.

மதுரை, வயது 24
வீட்டுல பூனை இருக்கிறவங்க மினாக்ஸிடில் தடவின தலையை அது நக்க விடாதீங்க. கொஞ்சம் உள்ள போனாலே அதுக்கு உயிருக்கு ஆபத்து. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, தலையணையைத் தனியா வைங்க.