ஐந்து மாதக் குழந்தைக்குத் தூக்க அட்டவணை தேவையா?

பொங்கோல்_அம்மா:
அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். மகனுக்கு ஐந்து மாதம். பகல் தூக்கமெல்லாம் இதுவரை மாமியார் மாட்டிய ஸ்பிரிங் தூளியில்தான். இங்கே சிங்கப்பூரில் அவனைச் சேர்க்கும் இன்ஃபன்ட் கேரில் (கைக்குழந்தைக் காப்பகத்தில்) தூளி கிடையாதாம், கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைப்பார்களாம். இதைக் கேட்டதும் கணவர் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிவிட்டார். குழந்தை விழித்து இரண்டு மணி நேரம் ஆனால் படுக்கை, இரவு 7 மணிக்கு விளக்கணைப்பு என்கிறார். மாமியாரோ, "தூக்கம் வந்தா தூங்குவான், இதுக்கு எதுக்குக் கடிகாரம்?" என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

நேரம்_தவறாதவன்:
கணவர் பக்கம். பிறந்த புதிதில் குழந்தைக்குப் பகல் இரவு தெரியாது, அப்போது அட்டவணை வீண். மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகு உடல் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இன்ஃபன்ட் கேரில் ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து குழந்தைகள். உங்கள் மகனை மட்டும் யார் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்? குளியல், பால், இருட்டு, ஒரு பாட்டு என்று தினமும் ஒரே வரிசையில் இப்போதே பழக்குங்கள்.

தேக்கா_ஆச்சி:
வரிசை சரி தம்பி, அந்த 7 மணிதான் எனக்குப் பிடிபடவில்லை. சிங்கப்பூரில் வருடம் முழுக்க சூரியன் மறைவதே ஏறக்குறைய 7 மணிக்கு. நாம் இருக்கும் இடத்துக்குச் சூரியக் கணக்கில் வரவேண்டிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. அதில் அரை மணி நேரம் 1982இல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை முன்னே நகர்த்தியதால் வந்தது. எங்கோ குளிர்நாட்டில் எழுதிய 7 மணியை இங்கே கொண்டுவந்தால், பிள்ளைக்கு அது மாலை 6 மணி. அப்பா அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் நேரமும் அதுதானே? நாள் முழுக்க காணாத பிள்ளையைத் தூங்கும் முகத்தில்தான் பார்க்க வேண்டுமா?

நேரம்_தவறாதவன்:
ஆச்சி, 17 நாடுகளிலும் வட்டாரங்களிலும் கைக்குழந்தைகள், சிறு குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7:28க்குப் படுக்கிறார்கள், ஹாங்காங்கில் 10:17க்கு. ஆசியக் குழந்தைகள் மொத்தத்தில் குறைவாகத் தூங்குகிறார்கள் என்றும், பிள்ளைக்குத் தூக்கப் பிரச்சினை என்று சொல்லும் பெற்றோரும் ஆசியாவில்தான் அதிகம் என்றும் அதிலேயே இருக்கிறது.

தேக்கா_ஆச்சி:
தாமதமாகப் படுத்ததால்தான் குறைந்தது என்று அது சொல்லவில்லையே. பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் என்பது 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு. அதற்குள் எப்போது படுப்பது என்பது வீட்டைப் பொறுத்தது.

மூன்றாவது_ஷிஃப்ட்:
நேரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். தூளி வேறு விஷயம், அதை இதோடு கலக்காதீர்கள். துணி வளைந்து கொடுக்கும்போது குழந்தையின் முகவாய் நெஞ்சில் போய் அழுந்தும், மூச்சுப்பாதை குறுகும். சத்தமே வராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை தெளிவாக இருக்கிறது: உறுதியான, சமமான படுக்கை, 10 பாகைக்கு மேல் சாய்ந்தது எதுவும் தூங்குவதற்குப் பாதுகாப்பில்லை. ஐந்து மாதம் என்பது புரளத் தொடங்கும் வயதும்கூட. செயலி சொல்கிறதோ மாமியார் சொல்கிறாரோ, தூக்கம் கட்டிலில். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம்.

ஜூரோங்_ராஜா:
நாமெல்லாம் தூளியில்தானே வளர்ந்தோம்?

மூன்றாவது_ஷிஃப்ட்:
வளராமல் போனவர்கள் இங்கே வந்து பதில் எழுத மாட்டார்கள், சகோ.

தேக்கா_ஆச்சி:
எங்கள் வீட்டில் தூளி பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும். இப்போது மோட்டாரை மாட்டிவிட்டுச் சமைக்கப் போகிறார்கள். நீங்கள் சொல்லும் ஆபத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்தி அழவிடுவதை எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நேரம்_தவறாதவன்:
யார் அழவிடச் சொன்னது? கட்டில் பக்கத்திலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகும் முறையும் இருக்கிறது. மெல்பர்னில், குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்கும் தூக்கப் பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மனநலத்திலோ தாய் பிள்ளை உறவிலோ எந்தக் கெடுதலும் தெரியவில்லை.

மூன்றாவது_ஷிஃப்ட்:
அத்தனை வருடம் நீடித்த பலனும் தெரியவில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது அம்மாக்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே பயிற்சி தொடங்கியபோது குழந்தைகளுக்கு ஏழு மாதத்துக்கு மேல். இவர் மகனுக்கு ஐந்து.

ஜூரோங்_ராஜா:
எங்கள் மேல்மாடியில் தரையை உடைக்கிறார்கள். வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை சத்தம் போட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதிக்கிறது. சனி, ஞாயிறு கிடையாது. என் மகள் அட்டவணையை இப்போது போடுவது அந்த ஒப்பந்தக்காரர்தான்.

பொங்கோல்_அம்மா:
தூளியைக் கழற்றியாயிற்று. மாமியாரிடம் துணி வளைவதைக் கையால் காட்டினேன், அதிகம் பேசவில்லை, அவரே கொக்கியை இறக்கினார். படுக்கை நேரம் எட்டரை என்று வைத்திருக்கிறேன். கணவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இன்று காலைத் தூக்கம் கட்டிலில் அரை மணி நேரம்தான் ஓடியது. எழுந்ததும் தூக்கிவிட வேண்டுமா, கொஞ்சம் விட்டுப் பார்க்கலாமா?

தேக்கா_ஆச்சி:
சிணுங்கினால் விடு, அழுதால் தூக்கு.

நேரம்_தவறாதவன்:
முதல் பாதிக்கு நானும் ஆமாம் போடுகிறேன்.