புதுப்பிப்பு: ஒட்டர்பூல் பார்க்குக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது

இங்கிலாந்தின் கென்ட்டில் மூடிக்கிடக்கும் ஃபோக்ஸ்டன் குதிரைப்பந்தயத் திடலிலும் அதைச் சுற்றியும் 8,500 வீடுகள் வரை கொண்ட ஒட்டர்பூல் பார்க் என்ற புதுநகரம் வருமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். 2023 ஏப்ரலில் உள்ளூர் மன்றத்தின் திட்டக்குழு சரி என்று சொல்லிவிட்டது.

ஆனால் இது முதற்கட்ட ஒப்புதல்தான். பள்ளி, மருத்துவ வசதி, சாலைக்கான கடமைகளை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பகுதியின் வரைபடமும் தனித்தனியாகக் குழுவுக்கு வரும். நாம் கருத்துச் சொல்ல வாய்ப்பு இன்னும் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

என்னை உறுத்துவது இதுதான்: திட்டத்தை முன்வைப்பதும் மன்றம், அனுமதிப்பதும் மன்றம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனாலும் விண்ணப்பதாரரே தீர்ப்பும் சொன்னால் ஊருக்கு எப்படி நம்பிக்கை வரும்?

கழிவுநீர் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இங்கிருந்து போகும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஸ்டவர் ஆறு வழியாக ஸ்டாட்மார்ஷ் இயற்கைக் காப்பிடத்தின் ஏரிகளைக் கெடுக்கக்கூடாது. அதற்காகச் சதுப்புநிலம் அமைத்து நீரை வடிகட்டப் போகிறார்கள்.

சனிக்கிழமை வெஸ்டன்ஹேங்கர் ரயில் நிலைய நடைமேடையில் நின்று பார்த்தேன். வேலிக்கு அப்பால் திடல் முழுக்கப் புல். முதல் வீட்டுக்கு முன்னால் அந்தச் சதுப்புநிலம் வந்தாக வேண்டும். அடுத்த கட்டத்தில் இதைத்தான் எழுதிக் கேட்கப் போகிறேன்.